நூற்றுக்கு நூற்று மூன்றரை

என் வீட்டுக்காரர் எதையும் நடைக்கணக்கில்தான் சொல்வார். வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்கப் போய் வந்தால் ஒரு நடை. ஆஸ்பத்திரியில் முதுகைக் காட்டப் போய், படம் எடுத்துக்கொண்டு வா என்று அவர்கள் திருப்பி அனுப்பினால், "எம்டி நடை", அதாவது காலி நடை, என்று சொல்லிக்கொண்டே வந்து உட்காருவார். ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்ததுகூட இரண்டாவது நடையாம். முதல் நடை வேறு ஒரு தெருவுக்குப் போனாராம். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அதைச் சொல்லி என்னை வெறுப்பேற்றுவதில் அவருக்கு அலுப்பே தட்டவில்லை.

டிரெய்லர் ஓட்டுகிற எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மணலிப் பக்கத்து யார்டில் கன்டெய்னர் பெட்டியை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தால் ஒரு நடை. பெட்டி முழுக்கச் சரக்கு இருந்தாலும் ஒரு நடை, காலிப் பெட்டியாக இருந்தாலும் ஒரு நடை. நடைக்குக் கிடைக்கிற படிக்காசு ஒன்றுதான். ரோடு ஒன்று, கேட்டில் நிற்கிற கியூ ஒன்று, முதுகு படுகிற பாடும் ஒன்று. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று டிரைவர்கள் கேட்பதே இல்லை. கியூ நகராமல் நடை கெட்டுப்போனாலும் அதை டிரைவர் தலையில் கட்ட மாட்டார்கள். வெயிட்டிங் என்று போட்டு ஏதோ ஒரு கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நின்றதும் வேலைதான் என்பது அந்த ரோட்டின் நியாயம்.

அந்த ரோட்டில் ஏறக்குறைய இருபது வருஷம் உட்கார்ந்தே ஓடியதில் அவர் முதுகுத்தண்டு தேய்ந்துபோனது. இனி ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள், தொட்டால் கால் மரத்துப்போகும் நாள் ஒன்று வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு அகலமான பெல்ட்டும் எழுதிக் கொடுத்தார். வேறு வேலை கிடைக்கிறவரை வண்டியை விட முடியாது என்று தினமும் அவர் கிளம்பும்போது அதைப் பின்னாலிருந்து இழுத்து ஒட்டிவிடுவது என் வேலை. அவரே கட்டிக்கொண்டால் அது நிற்பதில்லை.

யார்டில் தரை சூப்பர்வைசராக இருந்தவர் ஓய்வு பெறப்போகிறார் என்று செய்தி வந்தது அந்தச் சமயத்தில்தான். நிழலில் நின்று பார்க்கிற வேலை. மேனேஜருக்கு இவர்மேல் பிரியம். சரக்குக் கையாளுகிற பாதுகாப்பு டிப்ளமோ ஒன்று இருக்கிறது, அதில் அறுபது மார்க் எடுத்து முதல் வகுப்பில் தேறினால் உன் பெயரைத் தாராளமாக அனுப்புகிறேன், ஒரு மார்க் குறைந்தாலும் தலைமை அலுவலகத்தில் எடுக்கமாட்டார்கள் என்று சொன்னார். இவர் பிளஸ் டூவோடு புத்தகத்தை மூடியவர். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. போய்ச் சேர்ந்துவிட்டார்.

முதல் வகுப்பு முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் சொன்னார். மொத்தம் பன்னிரண்டு ஐட்டமாம். எட்டு அசைன்மென்ட், இரண்டு டெஸ்ட், ஒரு பிராக்டிகல், கடைசியில் ஒரு பரீட்சை. ஒவ்வொன்றையும் நூற்றுக்குத் திருத்துவார்களாம். எதற்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்று சார் போர்டில் எழுதிப் போட்டதையும் மறைக்காமல் சொன்னார்: அசைன்மென்ட் எட்டுக்கும் சேர்த்துப் பத்து, டெஸ்ட் இரண்டுக்கும் சேர்த்துப் பதினைந்து, பிராக்டிகலுக்கு முப்பத்தைந்து, பரீட்சைக்கு நாற்பது. எனக்கு அப்போது அது வெறும் நாலு எண்கள். அவருக்கு அதுகூட இல்லை. அவர் மனதில் ஏறியது பன்னிரண்டு நடை என்பது மட்டும்தான்.

அசைன்மென்ட்டை எல்லாம் அவர் கியூவில் நிற்கும்போதுதான் எழுதினார். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். ஒரு பக்கம் கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய கருங்கல், இன்னொரு பக்கம் தூசு. மற்ற டிரைவர்கள் வண்டி நிழலில் அடுப்பு மூட்டிச் சோறாக்குவார்கள், சீட்டுக்கட்டை எடுப்பார்கள். இவர் ஸ்டியரிங்மேல் பலகையைச் சாய்த்துக்கொண்டு, பெட்டியில் ஒட்டுகிற அபாய ஸ்டிக்கர்களை வகைப்படுத்தி எழுதிக்கொண்டிருப்பார். உப்புக்காற்றில் பதமாகிப்போன தாளில் எழுத்து லேசாகப் பரவியிருக்கும். "சூப்ரவைசர் சார்" என்று அவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிதான். ஆனால் இவருக்கு அது பிடித்திருந்தது, எனக்கும்தான். எட்டு அசைன்மென்ட்டிலும் தொண்ணூறுக்கு மேல். டெஸ்ட் இரண்டிலும் அறுபது அறுபது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதச் சொன்னால் கை ஓடவில்லை என்றார்.

பிராக்டிகல் ஒரு சனிக்கிழமை காலை, மணலியில் ஒரு யார்டில். சரக்கை அசையாமல் பிடிக்கிற லாஷிங் கம்பி சரியாகக் கட்டியிருக்கிறதா, ஃபோர்க்லிஃப்ட்டின் பிரேக் பிடிக்கிறதா, பெட்டியின் மூலைப்பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருபது வருஷமாகக் கண் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மட்டும் படிக்கத் தேவையில்லை என்று புத்தகத்தைத் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார்டில் கூப்பிட்டு, கப்பல் புறப்படப்போகிறது, இந்த ஒரு பெட்டியைச் சேர்த்துவிடு என்றார்கள். காலைக்குள் வந்துவிடலாம் என்று ஏற்றிக்கொண்டு போனார்.

காலையில் போன் வந்தது. கியூ அசையவில்லை. கேட்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம். பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். அவருடைய பாதுகாப்பு ஷூவையும் அடையாள அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு, இட்லியைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்துத் தேரடியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். யாராவது ஒரு டிரைவரைப் பிடித்து இவர் வண்டியில் உட்கார வைத்துவிட்டால் அதே ஆட்டோவில் இவரை மணலிக்கு ஏற்றிவிடலாம் என்பது என் திட்டம்.

வண்டியைக் கண்டுபிடித்து நின்றேன். பின்வண்டி டிரைவர் இவருக்கு ரொம்ப நாள் தோஸ்து. அவரிடம் கேட்டேன். என் வண்டியை யார் பார்ப்பது என்றுகூட அவர் கேட்கவில்லை. துறைமுகத்துக்குள் போகிற பாஸில் டிரைவரின் போட்டோ இருக்கும், வேறு ஆள் உட்கார்ந்தால் கேட்டிலேயே வண்டியைப் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்று வருத்தமாகச் சொன்னார். கிளீனர் வைத்துக்கொள்கிற காலமும் போய்விட்டது. சரக்கு ஏற்றிய வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு எங்கே போக முடியும். நான் கீழே நின்றுகொண்டு மேலே பார்த்தேன். கேபின் எட்டாத உயரம். இட்லிப் பொட்டலத்தை எம்பித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஷூப் பையை என் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சாவகாசமாகச் சாப்பிட்டார். "இன்னாத்துக்குமே மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற? ஒரு நடை கேன்சலு. அவ்ளோதான். வெயிட்டிங் போட்டுக்குவாங்க" என்றார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்தது. தூசு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணி தாண்டியும் முன்னால் நின்ற வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுகூட உருளவில்லை.

ஒரு வாரத்தில் நிலையத்தின் ஆப்பில் பிராக்டிகலுக்கு நேராகப் பூஜ்யம் விழுந்தது. நான் சாயங்காலம் வீட்டில் ஆறாவது, ஏழாவது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். அன்றைக்கு அவர்களுக்குச் சதவீதம் போடக் கொடுத்துவிட்டு, அவர்கள் போட்டு முடிப்பதற்குள், கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் இவர் கணக்கைப் போட்டேன். அசைன்மென்ட் எட்டுக்கும் சராசரி தொண்ணூற்றாறு. ஆனால் அதற்கு மொத்தத்தில் பத்து மார்க்தான். ஆக, ஒன்பது புள்ளி ஆறு. டெஸ்ட்டில் அறுபது, அதற்குப் பதினைந்து. ஆக, ஒன்பது. பிராக்டிகல் முப்பத்தைந்துக்கு முட்டை. எல்லாம் கூட்டினால் பதினெட்டு புள்ளி ஆறு. அறுபதைத் தொட இன்னும் நாற்பத்தொன்று புள்ளி நான்கு வேண்டும். மீதி இருப்பது கடைசிப் பரீட்சை. அதற்கு மொத்தமே நாற்பது.

நூற்றுக்கு எவ்வளவு எடுத்தால் ஆகும் என்று திருப்பிப் போட்டேன். நூற்று மூன்றரை.

நூற்றுக்குமேல் மார்க் வந்தால் நீ எங்கோ தப்பு செய்திருக்கிறாய், அழித்துவிட்டு முதலிலிருந்து போடு என்று பிள்ளைகளிடம் நான் சொல்வது வழக்கம். அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் நூற்று மூன்றரை. தப்பு வந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணக்கு டீச்சர் ஏங்கியது அன்றைக்குத்தான். அவர் ஒரு தப்பில்லாமல் நூற்றுக்கு நூறு எழுதினாலும் ஐம்பத்தெட்டு புள்ளி ஆறில் நின்றுபோவார்.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். வகுப்புகளைக் கவனித்துக்கொள்ளும் பெண் என்னைவிடச் சின்னவள், நல்ல மாதிரி. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மெடிக்கல் சர்ட்டிபிகேட் இருந்தால் மறுபடி வைக்க விதி இருக்கிறது, ரோட்டில் நின்றதற்கு விதி இல்லை என்றாள். அடுத்த வருஷம் புதிதாகப் பணம் கட்டி முதலிலிருந்து சேரலாமாம். அடுத்த வருஷம்வரை அந்த நாற்காலியை யார் காலியாக வைத்திருப்பார்கள். மேலிடத்துக்கு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா என்று கெஞ்சினேன். எழுதியாகிவிட்டது, முடியாது என்று பதிலும் வந்துவிட்டது என்றாள். அவளுக்கும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நானும் போட்டுப் பாத்தேங்க்கா. நூத்தி மூணரை வருது."

நான் எழுந்து வந்துவிட்டேன். சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தேன். என்னோடு சேர்ந்து வருத்தப்படுகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது.

அன்றைக்குச் சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. ஆனால் நான் ஆரம்பிப்பதற்குள் அவர் தன் கணக்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மொத்தம் பன்னிரண்டு நடை. எட்டு நடை தொண்ணூற்றாறு, இரண்டு நடை அறுபது, ஒன்று கேன்சல். கேன்சலுக்குப் பூஜ்யமே போட்டுக்கொண்டாலும், கடைசியில் எழுபது வாங்கினால், எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட எண்பது வருகிறதாம். கடைசிப் பரீட்சையை எழுதாமல் வீட்டில் படுத்துத் தூங்கினாலும் எழுபத்துநான்கு வருகிறதாம். அவர் கூட்டலிலும் வகுத்தலிலும் ஒரு தப்புகூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காலண்டர் தாளை எடுத்து முன்னால் வைத்தேன். அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன். எட்டு அசைன்மென்ட்டையும் ஒரு சின்ன பெட்டிக்குள் போட்டுப் பத்து என்று வைத்திருக்கிறார்கள், நீ போக முடியாமல் போன பிராக்டிகல் ஒன்றுக்கே முப்பத்தைந்து, அந்த ஒன்று போனால் எட்டும் சேர்ந்தாலும் ஈடு கட்டாது என்றேன். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை.

"நடைன்னா நடைதாமே. லோடு இன்னா, எம்டி இன்னா? எட்டு தபா எழுதிக் குடுத்து கீறேன். அத்த எப்டி ஒண்ணா சுருட்டுவாங்க?"

"அவங்க கணக்கு அப்படித்தான்யா. மொத நாளே போர்டுல எழுதிப் போட்டாங்களே."

"போர்டுல ஆயிரம் எழுதுவாங்க. துறைமுகத்துல எழுதாததா? இந்தப் பேப்பர் இல்லாத உள்ள வுட மாட்டோம்னு எழுதி கீது. ரெண்டு நாள் நின்னு பாரு. கடைசில கேட்ட தொறந்து வுட்டுருவாங்க."

அவர் சொன்னது பொய்யும் இல்லை. எத்தனையோ முறை பேப்பர் குறைந்து, முத்திரை இல்லாமல், பெயர் மாறி, கேட்டில் பொறுமையாக நின்று நின்றே உள்ளே போய்விட்டு வந்திருக்கிறார். நின்றவனைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். கம்ப்யூட்டருக்கு இவர் நின்றதே தெரியாது என்பதை நான் எந்த வார்த்தையில் சொல்வது.

பரீட்சைவரை தினமும் அவர் படித்தார். நான்தான் கேள்வி கேட்டேன். டியூஷன் பிள்ளைகள் போனதும், அவர் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் நீட்டிப் படுத்துக்கொள்வார். உட்கார்ந்தால் வலிக்கும். நான் புத்தகத்தைப் பார்த்துக் கேட்க, அவர் கூரையைப் பார்த்துப் பதில் சொல்வார். ஒரு பதிலில் ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் இன்னொரு முறை கேள் என்பார். கேட்பேன். நூற்று மூன்றரை நூற்று மூன்றரை என்று எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். போதும் எழுந்திரு, எதற்கு இந்தப் பாடு என்று கத்திவிடலாம் போலிருக்கும். ஆனால் அவர் சந்தோஷமாகப் படித்தார். பள்ளிக்கூடத்தில் தனக்கு இப்படி யாரும் கேள்வி கேட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருப்பேன் என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பரீட்சை எழுதினார். இரண்டு வாரம் கழித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கடைசிப் பரீட்சையில் தொண்ணூற்றொன்று, வகுப்பிலேயே முதல் இவர்தான். சின்னப் பையன்கள் எல்லாம் கைதட்டுகிற படங்களாக அனுப்பித் தள்ளியிருந்தார்கள். அவர் அப்படியே காசிமேட்டுக்குப் போய், நாங்கள் பண்டிகைக்கு மட்டும் வாங்குகிற வஞ்சிரத்தில் நடுத்துண்டமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்கும் கொடு என்றார். நான் மசாலா தடவினேன். தொண்ணூற்றொன்றை நாற்பதுக்கு மாற்றினால் முப்பத்தாறு புள்ளி நான்கு. கை பாட்டுக்கு மீனைப் புரட்டிக்கொண்டிருந்தது, மனசு பாட்டுக்குக் கூட்டிவிட்டது. சரியாக ஐம்பத்தைந்து. சிரித்துக்கொண்டே பரிமாறினேன். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

மொத்த மார்க் மறுநாள் மத்தியானம் ஆப்பில் வந்தது. இரண்டாம் வகுப்பு, ஐம்பத்தைந்து. போனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். வேறு பக்கத்தில் மீதி இருக்கும் என்று தேடுவதுபோல இருந்தது. எட்டு அசைன்மென்ட்டும் ஒரே வரியில், ஒன்பது புள்ளி ஆறு என்று இருந்தது. அந்த வரியில் விரலை வைத்து என்னிடம் காட்டினார்.

"அப்ப நான் ஓட்ன எட்டு நடை?"

"இதுக்குள்ளதான்யா கீது" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சைக் கேலி செய்துகொண்டிருந்தவள், என்னையறியாமல் அப்படியே பேசியிருந்தேன்.

அவர் தலையாட்டினார். மேனேஜருக்கு அவரே போன் செய்து சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "இல்ல சார், பரவால்ல சார்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது இவர்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே சாயங்கால நடைக்கு ஆள் இல்லை என்று கேட்டார்கள்போல. சரி சார், வரேன் சார் என்று வைத்துவிட்டார்.

எழுந்து சட்டையை மாட்டினார். பெல்ட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, எப்போதும்போல எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் இரண்டு முனையையும் பிடித்து இழுத்து ஒட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு. இன்னிக்கி கியூ ஜாஸ்தியாம்" என்றார்.

பிரித்து, இன்னும் இறுக்கி ஒட்டிவிட்டேன்.